சொந்தக்காரி வரட்டும்

ஸகியாவால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. சாய்ந்தமருதில் அவளைத் தெரிந்த எவரும் முதலில் சொல்வது இதைத்தான். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போதே முற்றத்தைக் கூட்டுவாள். கூட்டுவதைப் பாதியில் விட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்காரியோடு கதைப்பாள். அந்தக் கதை முடியுமுன் உள்ளே ஓடி, நேற்றுவரை நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள். "காலுக்குள்ள என்னத்த வெச்சிக்கிட்டுப் பொறந்தியோ" என்று தாய் சபியா உம்மா ஏசுவார். ஏச்சு முடியும்போது மகள் அங்கே நிற்கமாட்டாள்.

இருபது வயதில் கலியாணம். ஊர் வழக்கப்படி வாப்பா கட்டிய கல்வீட்டை மகளின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் பின்வளவில் ஓர் அறை போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஹிஷாம் அந்த வீட்டுக்கு வந்தான். வந்த வேகத்திலேயே வேலைக்குக் கட்டாருக்குப் போனான். போய், வந்து, மறுபடி போய், கடைசியில் கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினான். வெட்டுக் காலத்தில் நாவிதன்வெளிப் பக்கம் நெல் வெட்டும் மெசின் ஓட்டுவான். மற்றக் காலத்தில் வீட்டில் இருப்பான். சும்மா இருக்கத் தெரிந்த மனிதன் அவன். அதுவே ஸகியாவுக்குச் சில நாட்களில் பெரிய ஆத்திரமாக வரும்.

ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டது. மூத்த மகள் றிபாவின் போன் சார்ஜ் ஏறாமல் செத்துக் கிடந்தது. கடைகள் பூட்டு. பிள்ளை அழுகிறாள். ஸகியா மூக்குக்கண்ணாடி திருகும் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு, யூடியூப்பில் யாரோ ஒருவன் மலையாளத்தில் சொல்வதைப் பார்த்துப் பார்த்து அந்தப் போனைக் கழற்றினாள். கழற்றியது சரி. பூட்டும்போது உள்ளே ஏதோ ஒரு மெல்லிய நாடா அறுந்துபோனது. இனி அந்தப் போனுக்கு உயிரே இல்லை. றிபா முன்னிலும் பெரிதாக அழுதாள். ஹிஷாம் கூரையைப் பார்த்துப் படுத்தபடி, "இதுதான் ஒனக்குத் தேவ" என்றான்.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். ஊரடங்கு தளர்ந்த அன்றே அவள் செத்த போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனாள். பெரியநீலாவணையிலிருந்து வந்து அங்கே போன் உதிரிப்பாகம் விற்கும் சுஜிந்தன் என்ற இளைஞன், அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத ஆரு அக்கா கழட்டின?"

"நான்தான்."

"பழுதாக்கினதும் வடிவாத்தான் பழுதாக்கிரிக்கிங்க" என்று சிரித்தான். "ஒரு கீறல் இல்ல. கை நல்ல கை. பழகினாப் பிடிச்சிருவிங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, ஸகியா அதை விளையாட்டாக எடுக்கவில்லை. திருத்தவே முடியாது என்று அவன் ஒதுக்கி வைத்த போன்களை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டாள். கை சுட்டது, சுற்றிச் சுற்றி ஈயம் சிந்தியது, சோறு அடிப்பிடித்தது. மாதங்கள் போயின. ஒருநாள் பக்கத்து வளவுக்காரியின் போனில் டிஸ்பிளே மாற்றிக் கொடுத்தாள். அது வேலை செய்தது.

அதற்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். அவள் எதிர்பார்க்காத அளவுக்கு வந்தார்கள். மருதமுனையிலிருந்து, நிந்தவூரிலிருந்து, பஸ்ஸில், ஓட்டோவில், கைப்பைக்குள் போனைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கெட்டிக்காரி என்பதற்காக அல்ல, அவளைவிடக் கெட்டிக்காரப் பையன்கள் கல்முனையில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பையன்களிடம் போனைக் கொடுத்துவிட்டு, லொக் திறக்கும் நம்பரையும் சொல்லிவிட்டு, நாளைக்கு வாறன் என்று வீட்டுக்கு வந்தால் எந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கும்? உள்ளே கலியாண வீட்டுப் படங்கள் கிடக்கின்றன, தலையில் துண்டில்லாமல் தங்கச்சியோடு எடுத்தது கிடக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் புருசனுக்கு அனுப்பியது கிடக்கிறது. முன்னொரு முறை யாரோ ஒரு பிள்ளையின் படம் ஊரெல்லாம் சுற்றிய கதையை எல்லோரும் அறிந்திருந்தார்கள். எந்தக் கடையிலிருந்து போனது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாக் கடைகள் மீதும் பயம்.

ஸகியா வந்தவர்களைத் தன் முன்னாலேயே கதிரையில் இருத்துவாள். போனின் முகத்தை அவர்கள் பக்கமே திருப்பி வைத்து வேலை செய்வாள். லொக்கைக் கேட்கமாட்டாள். "நீங்களே போடுங்க" என்பாள். எந்தப் போனும் அவளிடத்தில் இரவு தங்காது. யாராவது இன்னொருத்தியின் போனைக் கொண்டு வந்து திறந்து தரச் சொன்னால், "சொந்தக்காரி வரட்டும்" என்று ஒரே சொல். நம்பி ஒப்படைத்த பொருளுக்குச் சொல்லும் அமானிதம் என்ற வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை. வந்த பெண்கள்தான் ஒருவருக்கொருவர் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

விறாந்தை கொள்ளவில்லை. இந்த நேரத்தில்தான் ஷரிபுதீன் ஹாஜியார் ஆளனுப்பினார். கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர். அந்தக் கட்டட வரிசையே அவருடையது என்று ஊர் சொல்லும். கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது.

"இஞ்ச வந்து இரி மகள்" என்றார். "புடவை எடுக்க வாற பொம்புளைகள் ஒனக்கிட்டயும் வருவாங்க. ஒனக்கிட்ட வாறவங்க எனக்கிட்டயும் வருவாங்க. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே."

நேர்மையான பேச்சு. வாடகையும் நியாயமாகத்தான் சொன்னார். ஸகியா அங்கேயே ஓம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில்தான் சண்டை.

"கடைத்தெருவுல கடையா?" ஹிஷாம் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "ஊரு என்ன கதைக்கும்? புருசனுக்குச் சோறு போட ஏலாமப் பொண்டாட்டியக் கடைக்கு அனுப்பிட்டான் எண்டு கதைக்காதா?"

"ஊரு கதைக்கட்டும். கதைச்சிட்டு மறுகா போனத் தூக்கிட்டு எனக்கிட்டத்தானே வரும்."

"நான் வேணாம் எண்டு சொன்னா?"

அவள் அவனைப் பார்த்தாள். என்ட ஊடு, என்ட மேசை, என்ட கை என்று ஒரு பேச்சு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். "வேணாம் எண்டு சொல்லாதிங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மேசையைக் கல்முனைக்கு ஏற்றிய அன்று காலையிலேயே எங்கோ போய்விட்டான்.

கடை ஓடியது. மழைக்காலம் போய், பெரும்போக வெட்டும் தொடங்கியது. ஹிஷாம் விடியப் போய் உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வருவான். கையில் வேலை இருக்கும் நாட்களில் அவனுக்கு ஸகியாவின் கடைமேல் கோபம் இருக்காது. கடையில் வேலை குவிந்தபோது பக்கத்து வளவுக்காரியின் மகள் அஸ்னாவை உதவிக்கு வைத்துக்கொண்டாள். ஒரு நேரத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது போலவே இருந்தது. ஒழுங்காக இருப்பதுதான் ஸகியாவுக்கு ஒத்துவராது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இன்னொரு மேசை போட இடம் இருக்கிறதா என்று கைச்சாணால் அளந்து பார்ப்பாள்.

அப்படியொரு பின்னேரம், அசர் தொழுதுவிட்டு ஷரிபுதீன் ஹாஜியார் அவளுடைய அறைக்கு வந்தார். ஒருநாளும் உள்ளே வராதவர். அஸ்னா வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் கதிரையில் உட்காரவில்லை. கடைப் பையொன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு போன்.

"இது பஸ்னாட போன்" என்றார். பஸ்னா அவருடைய ஒரே மகள். கெம்பஸ் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள்.

"என்ன பழுது ஹாஜியார்?"

"பழுது ஒண்ணும் இல்ல. லொக் போட்டிரிக்கா. எடுக்கணும்."

"தங்கச்சிக்கு மறந்து போச்சா?"

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"கலியாணம் பேசிரிக்கி. அக்கரைப்பற்று மாப்புள. நல்ல இடம். ஆனா இப்பக் கொஞ்ச நாளா அவ ஆள் சரியில்ல. ஒழுங்காத் திங்கிறல்ல. போனத் தூக்கிட்டு அறைக்குள்ள போனாக் கதவ அடைக்கிறா. கேட்டாக் கதைக்கிறல்ல. இண்டைக்கு நான் புடுங்கி எடுத்துட்டு வந்தன்." பையை அவள் பக்கம் தள்ளினார். "ஆம்புளப் பொடியனுகள்ற கடைக்கு இதக் கொண்டு போக ஏலுமா சொல்லு? என்ட புள்ளட மானம். நீ பொம்புள. நீ தொறந்து பாத்து, ஆரோட கதைக்கிறா எண்டு எனக்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

எந்தக் காரணத்துக்காகப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்களோ, அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு இந்த மனிதரும் வந்து நிற்கிறார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதனால்தான் அவளுக்கு உடனே மறுக்க வாய் வரவில்லை.

"ஹாஜியார், குறை நினைக்காதிங்க. தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. அவ முன்னால இரிக்கட்டும், நான் எடுத்துத் தாறன்."

"நான் அவட வாப்பா."

"தெரியும் ஹாஜியார்..."

"இந்த எடத்த நான் ஆருக்கும் குடுத்திரிக்கலாம், மகள். ஒனக்குத்தான் தந்தன்." மிரட்டுவது போலச் சொல்லவில்லை. மிகவும் களைத்துப்போய்ச் சொன்னார். "நாளைக்கு அசருக்குள்ள பாத்து வை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போய்விட்டார். போன் மேசையில் கிடந்தது.

அந்தப் போனின் லொக்கை எடுப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. அந்த மொடலுக்கு எப்படி என்று சுஜிந்தன் போன மாதம்தான் காட்டிக் கொடுத்திருந்தான். கடையில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள். சாய்ந்தமருதுக்கு வரும் வழியில் பைக்குள் அது அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யாரோ விடாமல் அழைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, திரையைப் பாராமல் தடவித் தடவி அதை நிறுத்தப் போனாள். விரல் தயங்கியது. அந்தப் பிள்ளைக்கு யாராவது கரைச்சல் கொடுக்கிறானோ? படத்தை வைத்து மிரட்டுகிறானோ? அப்படியென்றால் வாப்பாவுக்குத் தெரிவதுதானே நல்லது? போனைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். துவாய்க்குள்ளும் அது முனகிக்கொண்டுதான் இருந்தது.

ஹிஷாம் சாப்பிட உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. பெயர் சொல்லாமல் சொல்லப் பார்த்தாள். கடைக்கு இடம் தந்தவர் என்றதும் அவன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான்.

"தொறந்து குடுத்துட்டு விடு" என்றான். "அவர்ர புள்ள. அவர்ர கட்டடம். ஒனக்கு என்ன?"

"நாளைக்கி நீங்க என்ட போன எடுத்துட்டுப் போய் ஒருத்திட்டக் குடுத்து, தொறந்து பாரு எண்டு சொன்னா?"

"நான் ஏன் அப்புடிச் செய்யிற?"

"செஞ்சா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கட்டாரில் இருந்த காலத்தில், இரவெல்லாம் லைன் ஏன் பிசியாக இருந்தது என்று அவன் அங்கிருந்து கத்திய நாட்கள் இரண்டு பேருக்குமே ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

விடிந்ததும் முடிவு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முடிவு வராமலேதான் அவள் அபாயாவை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஹாஜியார் கடை திறந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, கல்முனைக்குடியில் இருந்த அவர் வீட்டுக்கு ஸ்கூட்டியை விட்டாள். கதவைத் திறந்தது அவருடைய மனைவி கைருன்னிஸா. ஸகியாவை அவர் முன்பு கண்டதில்லை, கேள்விப்பட்டது மட்டும்தான். "போன் கடை ராத்தாவா?" என்று கேட்டவர், பின்னால் யாரும் வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

பஸ்னா ஹோலுக்கு வந்து சுவரோரமாக நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஸகியா துவாயைப் பிரித்துப் போனை நீட்டினாள்.

"தங்கச்சி, இது பழுது பாக்க வந்திச்சி. பழுது ஒண்ணும் இல்ல. ஒங்கட கையில தந்துட்டுப் போகத்தான் வந்தன்."

பஸ்னா அதைப் பறித்தது போல வாங்கினாள். "பாத்திங்களா?"

"இல்ல."

"வல்லாஹி?" என்று ஆணை கேட்டாள்.

"வல்லாஹி பாக்கல்ல. கோல் வந்த சத்தம் மட்டும் கேட்டிச்சி." ஸகியா ஓரடி முன்னால் வந்தாள். "ஆராவது கரைச்சல் தாறாங்களா? சொன்னா ஒதவி செய்ய ஏலும். என்னால ஏலாட்டியும் ஏலுமான ஆக்களத் தெரியும்."

"ஒருத்தரும் கரைச்சல் தரல்ல." பஸ்னா போனைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டாள். "என்ட போன், ராத்தா. அவ்வளவுதான்."

நன்றி என்று சொல்வாள் என ஸகியா எதிர்பார்த்தாளோ என்னவோ, அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு அடைபட்டது. கைருன்னிஸா இவ்வளவு நேரமும் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். "அவர் கேப்பாரே" என்றார் கடைசியில், தனக்குத் தானே சொல்வது போல.

கேட்டார். அசர் வரை காத்திருக்கவில்லை. மதிய லுஹர் தொழுகைக்குப் போகுமுன்னே அவளுடைய அறைக்கு வந்தார்.

"போன் எங்க?"

"தங்கச்சிட்டக் குடுத்துட்டன் ஹாஜியார்."

அவர் அவளைப் பார்த்த பார்வையை ஸகியா பிறகு நெடுநாள் மறக்கவில்லை. தன்னை அடித்துவிட்டு நிற்பவனைப் பார்ப்பது போல இருந்தது. "நான் ஒன்ன என்ட புள்ளையப் போல நெனச்சன்" என்றார்.

"அவவும் ஒங்கட புள்ளதானே ஹாஜியார். கூப்பிட்டு வெச்சிக் கதைங்க. இந்த மெசின்ல பாத்து என்ன கிடைக்கப் போகுது?"

"எனக்குப் புத்தி சொல்ல ஒன்ன இஞ்ச வெக்கல்ல." திரும்பிக் கதவைத் திறந்தவர், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "மாசம் முடிய அறையத் தந்துரு."

அவள் மாசம் முடியும்வரை இருக்கவில்லை. இருக்க ஏலாது அவளுக்கு. அடுத்த நாளே மேசையை இறக்கினாள். ஏற்றிக்கொண்டு போக ஓட்டோ தேடி நின்றபோது, தெரு முனையில் லேண்ட்மாஸ்டர் உழவுமெசின் சத்தம் கேட்டது. ஹிஷாம் வைக்கோல் ஒட்டிய இழுவைப் பெட்டியோடு அதை ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கி, ஒன்றும் கேட்காமல் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மேசை வந்த அன்று காணாமல்போனவன், போகும் அன்று வந்து நின்றான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏன் அவளை அறையிலிருந்து எழுப்பினீர்கள் என்று கேட்டவர்களிடம் ஹாஜியார் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. மகளின் கதையைச் சொல்ல முடியுமா? "அவக்கு வேல தெரியாது. லொக் ஒண்ணு எடுக்கக் குடுத்தன், ஏலாமப் போச்சி" என்றார். கல்முனையிலிருந்து அந்தக் கதை அவளுக்கு முந்தியே சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தது. லொக் எடுக்கத் தெரியாத போன்காரி. மருதமுனையிலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு டீச்சர், போன் பண்ணி வேண்டாம் என்றார். பின்வளவில் சபியா உம்மாவிடம் யாரோ, "ஒங்கட மகள் சும்மாதான் கழட்டிக் கழட்டிப் பூட்டிரிக்கா போல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸகியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை போதும். எனக்கு ஏலும், நான்தான் மாட்டேன் என்றேன். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி யாருடைய போன் என்று வரும். அதற்கடுத்த கேள்வி அதற்குள் என்ன என்று வரும். கேள்விக்கு மேல் கேள்வியாய்க் கல்முனைக்குடியில் ஓர் அறைக் கதவுவரை போய் நிற்கும். வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஓரிடத்தில் இருப்பதைவிடக் கடினம். விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தாள். அலுமாரியை இழுத்துப் போட்டுக் கூட்டினாள். பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய், தோணிகள் இழுத்துப் போட்டிருக்கும் மணலில் வேகமாக நடந்து, அதே வேகத்தில் திரும்பி வருவாள்.

ஒருநாள் சுஜிந்தன் வந்தான். உதிரிப்பாகம் கொடுக்க வந்தது போல விறாந்தையில் நின்றான்.

"அக்கா, அந்த மொடல் லொக் எடுக்க உங்களுக்குத் தெரியும்தானே. நான்தானே காட்டினன். ஏன் எல்லாரும் இப்படிக் கதைக்கிறாங்க?"

"மறந்து போச்சி தம்பி."

அவன் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி அக்கா" என்றான். உதிரிப்பாகப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கிழமையிலிருந்து அவனுடைய கடைக்குப் போன் கொண்டுவரும் பெண்கள் சிலர், "சுஜிந்தன் தம்பி இஞ்ச போகச் சொன்னாரு" என்று விறாந்தைக்கு வந்தார்கள். போதாதுதான். ஆனால் கை ஓய்ந்து போகவில்லை. வரத் தயங்கியவர்களிடம் ஸகியாவே போனாள். ஸ்கூட்டியின் முன்னால் சாமான் பெட்டியை வைத்துக்கொண்டு நிந்தவூர், மருதமுனை என்று வீடு வீடாகச் சுற்றினாள். வெயிலில் முகம் கறுத்தது. "ஒனக்கு இது நல்லாப் பொருந்துது" என்று ஹிஷாம் சொன்னான். கேலியா பாராட்டா என்று அவள் கேட்கவில்லை.

நோன்பு வருவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு காலையில் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் கைருன்னிஸா. தனியே வந்திருந்தார். கையில் ஒரு போன் இருந்தது.

"இது வேல செய்யிதில்ல, பாருங்க" என்று நீட்டினார். ஸகியா வாங்கிப் பார்த்தாள். அது நன்றாகத்தான் வேலை செய்தது. கைருன்னிஸா கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸகியா தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்தும் டம்ளரை வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அறை சும்மாதான் கிடக்கு" என்றார்.

"ஓம் மாமி, கேள்விப்பட்டன்."

"அது அவர்ர இல்ல." டம்ளரை வைத்தார். "அந்தக் கடை வரிசை என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த. என்ட கலியாணத்துக்கு. உறுதிப் பத்திரம் என்ட பேர்லதான் இரிக்கி. அவரு கையெழுத்துப் போடச் சொன்னாப் போடுவன். அவ்வளவுதான். படி ஏறி அந்தக் கடைக்குள்ள நான் போயே எவ்வளவு காலம்."

ஸகியா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு நீங்க வந்துட்டுப் போன பொறகு எனக்கு நித்திர இல்ல. என்ட புள்ளட போன ஒரு வெளி ஆள் கொண்டு வந்து அவட கையில குடுக்கிறா. பெத்தவ நான் கதிரையப் புடிச்சிட்டு நிக்கிறன். அவரு அதப் புடுங்கினப்பவும் அப்படித்தான் நிண்ட." விளிம்பிலிருந்து நகர்ந்து நன்றாக உட்கார்ந்தார். "நீங்க திரும்பி வாங்க. அறைய நான் தாறன். வாடகைய இனி என்ட கையில தாங்க."

"ஹாஜியார்ட்டச் சொல்லிட்டிங்களா மாமி?"

"இன்னும் இல்ல. சொல்லணும் எண்டு நெனச்சாலே நெஞ்சு அடிக்கிது. ஒங்களுக்கிட்டச் சொல்லிட்டா மறுகா பின்வாங்க ஏலாதுதானே. அதுக்குத்தான் முதல்ல இஞ்ச வந்தன்."

அவர் எப்படிச் சொன்னார், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் ஸகியாவுக்கு முழுதாகத் தெரியாது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: ஹாஜியார் சத்தம் போட்டாராம். கைருன்னிஸாவின் கூடப்பிறந்த காக்கா அட்டாளைச்சேனையிலிருந்து வந்து சமாதானம் பேசினாராம். அவரிடமும் கைருன்னிஸா, "நான் ஆரையும் வெளிய போகச் சொல்லல்ல. என்ட அறைக்கு ஆள் வெக்கிறன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். நோன்பு தொடங்கியும் இரண்டு பேருக்கும் பேச்சில்லையாம். ஸகியாவுக்கு அந்த நாட்களில் பயமாக இருந்தது. தன்னால் ஒரு குடும்பம் உடைகிறதோ? போக மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஹிஷாம்தான், "அந்த மனுசி இவ்வளவு துணிஞ்சி நிக்கிறா. நீ இப்ப வேணாம் எண்டா அவ முகம் எங்க போகும்?" என்றான்.

பெருநாள் கழிந்து, புடவைக்கடையில் வேலை செய்யும் பிள்ளையொருத்தி சாவியைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு சொல்லும் கூட வரவில்லை. மறுபடி லேண்ட்மாஸ்டரில் மேசை ஏறியது. இந்த முறை இரண்டு மேசைகள்.

ஷரிபுதீன் ஹாஜியார் இன்னமும் பக்கத்துக் கடையின் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஸகியா காலையில் ஸலாம் சொல்வாள். பதில் வரும், பார்வை வராது. லொக் கதையை அவர் திருத்தவும் இல்லை. போன கிழமைகூட நாவிதன்வெளியிலிருந்து வந்த ஒரு பெண், போனைக் கொடுக்கலாமா என்ற சந்தேகத்தோடு, "ஒங்களுக்கு லொக் எடுக்கத் தெரியாதாமே?" என்று நேரே கேட்டாள். அஸ்னா கோபத்தில் வாய் திறக்கப் போனாள். ஸகியா கண்ணால் அடக்கிவிட்டாள். கைருன்னிஸா இப்போது மாதத்தில் ஒரு தடவையாவது கடைத்தெருவுக்கு வருகிறார். படியேறிப் புடவைக்கடைக்குள்ளும் போகிறார், கணக்குப் பார்க்கும் மேசைக்கு அருகே கதிரை போடச் சொல்லி உட்காருகிறார், அங்கே என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்குகிறார்.

அக்கரைப்பற்றுச் சம்பந்தம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள் என்று ஒரு கதை, பஸ்னா மாட்டேன் என்றாள் என்று இன்னொரு கதை. அந்தப் போனுக்குள் என்ன இருந்தது என்று ஸகியாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். தான் செய்தது சரிதானா என்று அவள் இப்போதும் சில வேளை யோசிப்பாள். அந்தப் பிள்ளை உண்மையாகவே ஏதாவது சிக்கலில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, பிடித்த வேலை கையில் நழுவும்.

நேற்றுப் பின்னேரம் பஸ்னா தாயோடு வந்தாள். புடவைக்கடைப் படி ஏறுமுன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். ஸகியா தலை நிமிர்த்தினாள். கேட்க ஆயிரம் இருந்தது. எழுந்து கதவைத் திறக்கலாமா என்று கால் துடித்தது. அதற்குள் பஸ்னா துண்டைச் சரிசெய்துகொண்டு தாயின் பின்னால் படி ஏறிவிட்டாள்.

"சுறுக்காப் பாருங்க ராத்தா" என்றாள் முன்னால் இருந்த பெண். "ஓட்டோ வெளிய நிக்கிது."

"இந்தா முடிஞ்சிது" என்று சொல்லி, ஸகியா போனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.